அசோகச் சக்கரவர்த்தி

போரில் வென்ற வேந்தர் பலர். தாம் பெற்ற வெற்றிக்குத் தாமே வருந்தி, அவ்வருத்தத்தைக் கல்லிற் பொறித்தவர் அரியர். அவருள் தலைசிறந்த அசோகரின் சரித்திரத்தை நம் சங்கத்தார் அறிதல் நலம்.

மௌரிய குலத்துப் பிந்துசாரரின் மைந்தராகிய இவர், இளமையில் உச்சயினியில் அரசப் பிரதிநிதியாயிருந்தார். அக்காலத்தில் விதிசை நகரத்துத் தேவியை மணந்தாரென்றும், மகிந்தரும் சங்கமித்திரையும் அவர்தம் மக்களென்றும் இலங்கை வரலாற்று நூல்கள் கூறும். ஏறத்தாழக் கி.மு. 268-இல் அரசெய்தினார்.

முடிசூடிய எட்டாம் ஆண்டு முற்றியபின் கலிங்கத்தை வென்றார். அப்போரில் கொலையுண்டோர் 1,00,000 பேர். சிறைகொண்டு பெயர்க்கப்பட்டோர் 1,50,000 பேர். வேறு வகையால் மடிந்தோர் பன்மடங்கினர். இத்தொகை பகைவர் கூறியதன்று. அவரே தம் 13-ஆம் பாறைச் சாசனத்தில் வெளியிட்டது. வாளுக்குத் தப்பியவரும் துன்பத்துக்குத் தப்பியவரல்லர். அன்பு வைத்த சுற்றமும் நட்பும் கெடுங்கால் அவர் நெஞ்சமும் புண்படும் என்னும் நுண்கருத்தும் அதன்கண் உளது. அன்புடையார்க்கே போர் மிகக் கொடிது என்பதை அவர் உணர்ந்தார். ஆயினும் மனமாற்றம் ஒருநாளில் முற்றியதன்று. உபாசகராகிய பின்னும் ஓராண்டு ஊக்கங்குன்றியிருந்து, பின்னரே பௌத்த சங்கத்தை அடுத்து முயன்றதாக அவரே சாசனஞ் செய்துள்ளார்.

அவ்வன்பு செயலாக மலர்ந்தது. மக்கட்கும் விலங்குகட்கும் மருத்துவம் அமைத்தார், மூலிகைகளை நடுவித்தார், வழிகளிற் கிணறு தோண்டி மரம் வைப்பித்தார். இவ்வறம் சென்ற எல்லைப்புற நாடுகளுள் சோழநாட்டையும் 2-ஆம் சாசனம் குறிக்கின்றது. நம் அரியலூர்ப் பக்கத்து விக்கிரமங்கலத்தில், பிற்காலத்துப் புத்தர் திருவுருவம் இன்றும் உளது.

அவர்பாற் குறைகளும் உண்டு. வென்ற கலிங்கத்தை மீட்டுக் கொடுத்திலர். மரண தண்டனையை ஒழித்திலர், மூன்று நாள் தவணையே அளித்தார். எனினும் கலிங்கத்துத் தவுளியில், எல்லா மக்களும் தம் மக்களே என்னும் கருத்தமைந்த தனிச் சாசனம் நாட்டினார். ஏறத்தாழக் கி.மு. 232-இல் மறைந்தார்.

1,300 ஆண்டுகட்கு மேற்பட்டபின், நம் கங்கைகொண்ட சோழபுரத்திருந்து ஆண்ட முதற் குலோத்துங்கன் படையும் கலிங்கத்தை வென்றது. அவ்வெற்றியைச் சயங்கொண்டார் பரணியாகப் பாடினார். அதன் தமிழ்ச்சுவையில் நாம் திளைத்தல் தக்கதே. ஆனால் குலப்பெருமை கருதி முன்னோர் வாளை இளைஞர்க்குக் காட்டுவோர், அவ்வாளால் மகனை இழந்த தாயரையும் உடன் காட்டல் வேண்டும். ஊர்க்குள் பகை மூளுங்காலத்து, வெல்வார் யார் என்று எண்ணுமுன், அழுவார் யார் என்று எண்ணுவோமாக. அசோகர் கற்றது அஃதே; காலந்தாழ்த்துக் கற்றார். நாம் முன்னரே கற்றல் கூடும்.