யானை பிடித்த சாண்டர்சன்: துப்பாக்கியைத் தேர்ந்தவரும் துறந்தவரும்

மைசூரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குத் தசரா யானைகள் புதியன அல்ல. விசயதசமியன்று அம்பாரி தாங்கி வரும் வேழத்தை நம் குழந்தைகள் தோள்மீது அமர்ந்து காண்கின்றனர். காட்டிலே தன் விருப்பம்போல் திரிந்த யானை நாட்டிற்குள் எவ்வாறு வந்தது என்று அவர்கள் வினவுவதும் இயல்பே. அவ்வினாவிற்கு விடை தேடிச் செல்வோர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயரின் வரலாற்றைக் காணாமல் திரும்ப இயலாது. ஜார்ஜ் பெரஸ் சாண்டர்சன் என்பது அவர் பெயர். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட காட்டுக் கதைகளில் வரும் யானை பிடிக்கும் அதிகாரிக்கு இவரே முன்மாதிரி என்று கருதுவர். அவருடைய வாழ்வை நம் இளைஞர் பொருட்டு ஈண்டுச் சுருக்கிக் கூற விழைகின்றோம்.

சாண்டர்சன் 1848-இல் இந்தியாவிலேயே பிறந்தவர். அவர் தந்தையார் டேனியல் சாண்டர்சன் மைசூர் நாட்டில் சமயப்பணி ஆற்றியவர். கன்னட மொழியில் ஆழ்ந்த புலமை பெற்று, ரீவ் என்பார் இயற்றிய கன்னட அகராதியைத் திருத்தி 1858-இல் பெங்களூரில் வெளியிட்டவர். மைந்தர் இங்கிலாந்தில் கல்வி பயின்று, 1864-இல் மீண்டும் இந்நாட்டிற்கு வந்தார். அக்காலத்தில் மைசூர் நாடு ஆங்கில ஆணையரின் ஆட்சியில் இருந்தது. இளைஞர் சாண்டர்சன் கன்னடம் கற்று அரசுப் பணியில் அமர்ந்தார். பின்னர் ஆற்றுக் கால்வாய்களைக் கண்காணிக்கும் பொறுப்பு அவரை வந்தடைந்தது. ஹுன்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு, கால்வாய்க் கரையோரமாகவே குதிரைமீது பல நூறு மைல் சுற்றிவரும் அலுவல் அது. கால்வாய் முடியுமிடத்தில் வயல் முடியும். வயல் முடியுமிடத்தில் காடு தொடங்கும். ஆகவே உழவரின் துயரையும் விலங்குகளின் போக்கையும் ஒருங்கே அறியும் வாய்ப்பு அவருக்கு வாய்த்தது.

அவர் வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். யானைகளையும் புலிகளையும் காட்டெருமைகளையும் சுட்டவர். இதனை மறைத்து அவரை அருளாளராகக் காட்டுவது வரலாறாகாது. எனினும் கொன்ற தொகையைக் கூறி மகிழும் வேட்டைக்காரர் பலரினின்றும் அவரைப் பிரித்துக் காட்டுவது ஒன்று உண்டு. எவ்விலங்கிற்கு எத்துப்பாக்கி, எத்துணை மருந்து, எவ்வகைக் குண்டு என்பதை அவர் கணக்கிட்டுத் தெளிந்தார். தெளிந்ததை 1878-இல் இலண்டனில் வெளியான தம் நூலில் பிறர் அறிய எழுதினார். அந்நூல் இந்தியக் காட்டு விலங்குகளிடையே தாம் கழித்த பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றியது.

அக்காலத் துப்பாக்கிகளின் அளவை இங்கு விளக்குதல் நலம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான எத்தனை உருண்டைகளாக வார்க்கின்றோமோ, அந்த எண்ணே குழலின் எண். பன்னிரண்டாம் எண் துப்பாக்கியின் உருண்டை ஏறத்தாழ 38 கிராம். எட்டாம் எண்ணிற்கு 57 கிராம். நான்காம் எண்ணிற்கு 113 கிராம். எண் குறையக் குறையக் குண்டு பெருக்கும். அதனுடன் துப்பாக்கியின் எடையும், சுடுபவர் தோளில் விழும் உதையும் பெருகும்.

சாண்டர்சன் முதலில் பன்னிரண்டாம் எண் ரைபிளில் ஆறு டிராம் கருமருந்து இட்டு யானையை எதிர்கொண்டார். வெறும் ஈயம் எலும்பில் பட்டதும் நசுங்கிவிடும் ஆதலின் கடினமாக்கிய குண்டுகளையே பயன்படுத்தினார். ஈயத்துடன் வெள்ளீயமோ பாதரசமோ சிறிதளவு கலந்து கடினமாக்குவது அந்நாள் வழக்கம். ஆயினும் பல சமயங்களில் அக்குண்டு போதவில்லை. காரணம் யானையின் தலையமைப்பு. அதன் பெருந்தலை முழுதும் மூளையன்று. தேனடை போன்ற எலும்பறைகளே பெரும்பகுதி. மூளையோ அவற்றிற்குப் பின்னே தாழ்ந்த இடத்தில் அடங்கியிருக்கின்றது. குறி சிறிது தவறினும் குண்டு எலும்பறைக்குள் தங்கிவிடும், யானை வீழாது, புண்ணோடு ஓடும்.

எனவே அவர் இலண்டன் லாங் நிறுவனத்தாரிடம் நான்காம் எண் ஒற்றைக்குழல் ரைபிள் ஒன்றைச் செய்வித்தார். அதன் எடை 16½ பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஏழரைக் கிலோ. மருந்து பத்து டிராம். ஒருநாள் அதன் தோட்டா வெடிக்காமற் போயிற்று. ஒற்றைக்குழலாதலின் அடுத்த வெடிக்கு வழியின்றி, உயிருக்கே ஊறு நேரும் நிலை வந்தது. உடனே அதனைக் கைவிட்டு, கிரீனர் என்னும் கைவினைஞரிடம் 19½ பவுண்டு எடையுள்ள நான்காம் எண் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பெற்றார். அதில் பன்னிரண்டு டிராம் மருந்து, அதாவது சுமார் 21 கிராம் இடுவார். அதன் குழலின் உட்புறத்தில் சுழல்வரிகள் இல்லை. குண்டைச் சுழற்றி நெடுந்தொலைவு நேராகச் செலுத்துதற்கே அவ்வரிகள் வேண்டும். புதருக்குள் சில கஜ தூரத்தில் யானையைச் சந்திப்பவருக்கு அவை இன்றியமையாதன அல்ல என்பது அவர் துணிபு. ஒன்பது கிலோவிற்குச் சற்றே குறைந்த இச்சுமையை நாள் முழுதும் சுமந்து வந்தவர் துப்பாக்கி தூக்கும் துணைவரே என்பதையும் நாம் மறத்தலாகாது.

மானுக்கும் சிறுத்தைக்கும் அவர் வேறு கருவியை நாடினார். எக்ஸ்பிரஸ் ரைபிள் என்று பெயர் பெற்ற அதில் குண்டு சிறிது, மருந்து மிகுதி. குண்டு தாழாமல் நேர்கோடுபோல் விரையுமாதலின், நூறு கஜத்திற்கும் அப்பால் குறியை மாற்றாமலே சுடலாம். அதன் குண்டின் முனையில் துளை உண்டு. உடலுட் புகுந்ததும் அது சிதறும். மெல்லுடல் விலங்கை அவ்விடத்தே வீழ்த்தும் அக்குண்டு, காட்டெருமையின் தடித்த தோலிலும் எலும்பிலும் பட்டால் மேற்புறத்திலேயே உடைந்து வெறும் புண்ணாக்கி விடும். ஒரு விலங்கிற்கு உகந்த கருவி மற்றொன்றிற்குக் கொடுமையாய் முடிவதை இதனால் அறியலாம்.

தொலைவிலுள்ளதை அருகே காட்டும் கண்ணாடிகளை ரைபிளின்மேல் பொருத்திக் காட்டிற்குள் செல்லும் வழக்கம் அன்று பரவவில்லை. குழல் நுனியிலுள்ள முன்குறியையும் கண்ணருகேயுள்ள பின்குறியையும் ஒரே கோட்டில் நிறுத்துவதே குறிபார்க்கும் முறை. கருமருந்து வெடித்ததும் எழும் வெண்புகை விலங்கை மறைத்துவிடும். வீழ்ந்ததா, பாய்கின்றதா என்பதே தெரியாது. ஆதலின் முதற்குண்டே முடிவு காணவேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. கண்ணாடி செய்யாத வேலையை, காலடி பார்த்து நடக்கும் காட்டு மக்களின் கண்களே செய்தன. உப்பலிகரும் குறும்பரும் சோளகரும் ஒடிந்த கிளையையும் ஈரம் காயாத தடத்தையும் கண்டு வழி காட்டினர். அவர்கள் இன்றேல் எந்தப் பெருந்துப்பாக்கியும் பயன்பட்டிராது.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்று வாசகர் வினவலாம். புண்பட்டு ஓடிய விலங்கின் சினம் சுட்டவர்மேல் விழுவதில்லை. மறுநாள் விறகு பொறுக்கச் செல்லும் ஏழையின்மேல் விழும். காகன்கோட்டைக் காட்டுப்பாதையில் ஒற்றை யானை ஒன்று வழிப்போக்கரைக் கொன்று போக்குவரத்தையே நிறுத்தியது. சாமராஜநகரை அடுத்து, மொர்லே என்று அவர் நூல் கூறும் சிற்றூரைச் சார்ந்த பகுதியில் ஆட்கொல்லிப் புலியொன்று மக்களை வீட்டுக்குள் முடக்கியது. இவ்விரண்டையும் முடித்தவர் சாண்டர்சனே. அங்ஙனம் முடித்தவரே, எல்லாப் புலிகளையும் ஒழித்துவிட வேண்டும் என்ற அந்நாளைய கூச்சலை மறுத்தார். மானையும் பன்றியையும் தின்னும் புலி பயிரைக் காக்கின்றது. கால்நடை கவரும் புலி வேறு, ஆட்கொல்லி வேறு. கடைசியதை மட்டுமே தேடிக் கொல்லல் தகும் என்று வாதிட்டார்.

யானைகளின் செய்தியும் அவ்வாறே ஆயிற்று. யானைகளை மனம்போனபடி கொல்லுவதைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் 1873-இல் சட்டம் பிறந்தது. 1879-இல் இந்திய அரசும் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் பயிரை அழிக்கும் கூட்டங்களை என் செய்வது? படுகுழி வெட்டிப் பிடிக்கும் பழைய முறையில் கால் முறிந்து மாண்டவை பல. சுடாமலும் குழியில் வீழ்த்தாமலும் முழுக் கூட்டத்தையும் உயிரோடு பிடிக்கலாம் என்று சாண்டர்சன் அரசிடம் எடுத்துரைத்தார். அவரோ அதற்குமுன் யானை பிடித்தவரல்லர். அத்துடன், ஒரு நூற்றாண்டிற்கு முன் ஐதர் அலி காகன்கோட்டைக் காட்டில் முயன்று தோற்று, இனி எவராலும் இயலாது என்றும், முயல்வோர்க்குச் சாபம் என்றும் கல்லில் பொறித்துச் சென்றதாக ஒரு செய்தி மக்களிடையே வழங்கியது.

சாபத்திற்கு அஞ்சாது அவர் சாமராஜநகரை அடுத்த காட்டில் வேலை தொடங்கினார். நூற்றுக்கணக்கான மக்கள் கூட்டத்தை வளைத்து, இரவில் தீ வளர்த்துக் காவல் நின்றனர். யானைகள் வழக்கமாகச் செல்லும் தடத்தில் அகழியும் மரவேலியும் கொண்ட அடைப்பு அமைந்தது. 1874 ஜூன் திங்களில் 50-க்கு மேற்பட்ட யானைகள் அதனுட் புகுந்தன, கதவு வீழ்ந்தது. பழகிய யானைகளின்மேல் அமர்ந்து சென்ற பாகர்கள் ஒவ்வொன்றின் பின்கால்களிலும் கயிறு பூட்டி மரத்தில் பிணித்தனர். இதுவே மைசூரின் முதல் கெட்டா. பின்னர் வங்காள அரசு அவரை அழைத்தது. டாக்காவிலிருந்து காரோ மலையிலும் சிட்டகாங் காடுகளிலும் யானை பிடிக்கும் பணியை நடத்தி, மீண்டும் மைசூர் வந்தார். 1889-இல் விக்டோரியா பேரரசியின் பேரர் ஆல்பர்ட் விக்டர் இளவரசர் மைசூர் வந்தபோது கெட்டா நடத்திக் காட்டப்பட்டது. உழைப்பும் காட்டு நோயும் உடலை வாட்ட, சாண்டர்சன் 1892-இல் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கே.

கெட்டாவிலும் துன்பம் இல்லாமல் இல்லை. கூட்டத்தைப் பிரிந்து ஏங்கியவையும், கயிற்றுப்புண்ணால் மாண்டவையும் உண்டு. உயிர் பிழைத்தது, உரிமை போயிற்று. ஆயினும் கொல்லுதலிலிருந்து பிடித்தலுக்கு வந்தது ஒரு படி; பிடித்தலிலிருந்து காத்தலுக்கு வந்தது அடுத்த படி. காகன்கோட்டையில் இறுதிக் கெட்டா 1971-இல் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டே காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்கு முடிவு கட்டியது. கெட்டா நிகழ்ந்த கபினிக் கரைக் காடுகளில் ஒருபகுதி அணை நீரில் மூழ்கிவிட்டது. இன்று அந்நீர்த்தேக்கக் கரையில் கோடைதோறும் யானைகள் திரளாகக் கூடுகின்றன.

அக்காட்டிற்கும் நமக்கும் உறவு உண்டு. கொள்ளேகால் வழியாகவும் திம்பம் கணவாய் வழியாகவும் தமிழகத்திலுள்ள உற்றார் வீடுகளுக்கு நாம் செல்லும் சாலைகள், பிலிகிரிரங்கன் மலைக்கும் சத்தியமங்கலக் காட்டிற்கும் இடையே யானைகள் போய்வரும் நாட்டின் ஊடேதான் செல்கின்றன. இங்குள்ள யானைக்கு மாநில எல்லை தெரியாது. மொழி வேற்றுமையும் தெரியாது.

துப்பாக்கியின் காலம் போயிற்று. அதனைத் தேர்ந்த முறையில் நமக்குரிய பாடம் போகவில்லை. கையிலெடுக்கும் கருவியின் வலிமையை மட்டுமன்றி, அது தவறினால் துன்புறுவோர் யார் என்பதையும் எண்ணித் தேர்ந்தவர் சாண்டர்சன். அங்ஙனம் எண்ணியவருக்கே அதனினும் நல்ல வழியொன்று பின்னர்ப் புலப்பட்டது. எந்திரம் இயக்கும் தொழிலாளியாயினும், மருந்து கொடுக்கும் மருத்துவராயினும், எழுதுகோல் ஏந்தும் அலுவலராயினும், நம் சங்கத்து இளைஞர் இவ்வெண்ணத்தை மனத்திற் கொள்வார்களாக.