இருபத்தோரு ஆண்டுகள் யோசித்தவர்

நமக்குப் பெயர் வைத்தவர்கள் நம் பெற்றோர். நாம் பேசும் மொழியும் வீட்டிலிருந்துதான் வந்தது. சாமி கும்பிடும் முறையும் அப்படித்தான் வருகிறது. பெரும்பாலானவர்கள் பிறந்த வீட்டின் மதத்திலேயே வாழ்கிறார்கள். சிலர் மட்டும் வளர்ந்த பிறகு தாமே யோசித்து வேறு வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுக்க 21 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒருவரைப் பற்றி இந்த வாரம் தெரிந்துகொள்வோம்.

அவர் பெயர் பீமராவ். 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்ற ராணுவ முகாமில் பிறந்தார். அப்பா ராம்ஜி சக்பால், ராணுவத்தில் சுபேதார். அம்மா பீமாபாய். இவர்களுக்கு பீமராவ் பதினான்காவது பிள்ளை. நாம் டாக்டர் அம்பேத்கர் என்று அழைக்கிறோமே, அவர்தான் இந்த பீமராவ்.

ராம்ஜி மிகுந்த பக்தி உள்ளவர். கபீர்தாசரின் வழியைப் பின்பற்றியவர். ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் பிள்ளைகள் தினமும் படிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. வீட்டில் இவ்வளவு பக்தி. வெளியிலோ நிலைமை வேறு.

அவர்கள் குடும்பம் மகர் என்ற சாதியைச் சேர்ந்தது. அந்தச் சாதியினரைத் தொட்டாலே தீட்டு என்று மற்றவர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். சதாரா ஊர்ப் பள்ளியில் பீமராவ் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. வீட்டிலிருந்து ஒரு சாக்கு கொண்டுபோய், அதை விரித்துத் தனியாக உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பள்ளிப் பணியாள் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் கிடையாது.

ஒன்பது வயது இருக்கும்போது, வெளியூரில் வேலை பார்த்த அப்பாவைக் காண அண்ணனோடும் உறவுக்காரச் சிறுவர்களோடும் ரயிலில் போனார். இறங்கிய நிலையத்தில் அவர்களை ஏற்றிக்கொள்ள எந்த மாட்டுவண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒருவர் இரு மடங்கு கூலிக்கு வண்டியைத் தந்தார். ஆனால் அதில் அவர் ஏறவில்லை. சிறுவர்களே வண்டியை ஓட்ட, அவர் பக்கத்தில் நடந்து வந்தார். கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் தர வழியில் ஆளில்லை. இரவு பட்டினியாகவே படுத்தார்கள்.

தெய்வத்தின் முன் எல்லாரும் சமம் என்றால், தனக்கு மட்டும் ஏன் தண்ணீர் இல்லை? சிறுவன் பீமராவின் மனத்தில் இப்படிப் பல கேள்விகள் எழுந்தன. அந்த இதிகாசங்களைப் படிக்க வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறீர்கள் என்று ஒருநாள் அப்பாவிடமே கேட்டார். தாழ்வு மனப்பான்மை வராமல் இருக்கத்தான், எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர்களின் கதைகள் அவற்றில் இருக்கின்றன என்று அப்பா விளக்கினார். மகனுக்கு அந்தப் பதில் நிறைவு தரவில்லை. முதல்முறை இதைக் கேட்டபோது அப்பா அதட்டியும், மகன் கேள்வியைக் கைவிடாமல் மறுபடி கேட்டார் என்பதைக் கவனியுங்கள்.

பள்ளிப் பருவத்திலேயே இன்னொரு பெரியவரின் அன்பும் அவருக்குக் கிடைத்தது. அவர் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். பீமராவ் தேர்வில் வெற்றி பெற்றதைப் பாராட்டி, தாம் மராத்தியில் எழுதிய புத்தரின் வாழ்க்கை வரலாற்றைப் பரிசளித்தார். ஏற்கெனவே இதிகாசங்களைப் படித்திருந்த பீமராவ், இந்தப் புத்தகத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார். புத்தர் மீது அவருக்கு ஈடுபாடு பிறந்தது அப்போதுதான்.

பரோடா மன்னரின் உதவித்தொகையோடு 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார். பிறகு லண்டனிலும் படித்தார். பெரிய பட்டங்களோடு நாடு திரும்பியபோதும், பரோடாவில் அவருக்கு வாடகைக்கு வீடு தர ஆளில்லை.

உடனே மதத்தை விட்டுவிட அவர் நினைக்கவில்லை. உள்ளிருந்தே மாற்றிப் பார்க்கலாம் என்று முயன்றார். 1927இல் மகாத் என்ற ஊரின் பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று, அந்தக் குளத்து நீரைப் பருகினார். 1930இல் நாசிக் நகரின் காலாராம் கோயிலுக்குள் எல்லாரும் சென்று வழிபட வேண்டும் என்று போராட்டம் தொடங்கினார். அது ஐந்து ஆண்டுகள் நடந்தும் கதவு திறக்கவில்லை.

அவருடைய மனைவி ரமாபாய்க்குப் பண்டரிபுரம் போய் விட்டலனைத் தரிசிக்க வேண்டும் என்று தீராத ஆசை. போனாலும் தீண்டத்தகாதவர் என்று வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த அவமானம் வேண்டாம் என்று கணவர் தடுத்துவிட்டார். ஆசை நிறைவேறாமலே 1935 மே மாதம் ரமாபாய் காலமானார்.

அதே ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி, இயோலா என்ற ஊரில் பெரிய மாநாடு. இந்துவாகப் பிறந்தது தம் கையில் இல்லை, ஆனால் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அம்பேத்கர் அங்கே அறிவித்தார். நாடே பரபரப்படைந்தது. காந்தியடிகள் இதை ஏற்கவில்லை. தீண்டாமையை ஒழிக்க வேண்டும், அதற்காக மதத்தை விட வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. மற்ற மதங்களின் தலைவர்களோ தங்கள் பக்கம் வரும்படி அம்பேத்கரை அழைத்தார்கள்.

அவர் அவசரப்பட்டாரா? இல்லை! தம்மை நம்பி லட்சக்கணக்கான ஏழை மக்கள் பின்னால் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தவறான முடிவு எடுத்தால் அவர்களும் துன்பப்படுவார்கள் அல்லவா? அதனால் ஒவ்வொரு மதத்தையும் ஆராய்ந்தார். சீக்கிய மதத்தை அறிந்துவர அமிர்தசரசுக்கு ஒரு குழுவை அனுப்பினார். மும்பை வீட்டில் ஆயிரக்கணக்கான புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார். பழைய பௌத்த நூல்கள் பாலி மொழியில் இருப்பதால் அந்த மொழியையும் கற்றார்.

இதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னைக் கல்லூரி ஒன்றில் அறிவியல் பேராசிரியராக இருந்த லட்சுமி நரசு, பௌத்தத்தின் சாரத்தை விளக்கி 1907இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியிருந்தார். அதை அம்பேத்கர் மிகவும் மதித்தார். 1948இல் தம் முன்னுரையோடு மறுபடியும் வெளியிட்டார்.

எந்த மதத்தைப் பார்த்தாலும் அவர் சில கேள்விகளைக் கேட்டார். அது நல்லொழுக்கத்தைக் கற்பிக்கிறதா? அறிவுக்குப் பொருந்துகிறதா? விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் ஏற்கிறதா? வறுமையைப் புனிதம் என்று சொல்லாமல் இருக்கிறதா? தம் கேள்விகளுக்குப் புத்தரின் வழியே பொருத்தமானது என்ற முடிவுக்கு வந்தார். தாம் சொன்னதையும் ஆராய்ந்து பார்த்தே ஏற்க வேண்டும் என்று புத்தர் போதித்தது அவரைக் கவர்ந்தது.

இதற்கிடையே இந்தியா சுதந்திரம் பெற்றது. அம்பேத்கர் முதல் சட்ட அமைச்சரானார். அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவுக்கும் தலைவரானார். அந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, மனச்சாட்சிப்படி ஒரு மதத்தை ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் அனைவருக்கும் உரிமை தருகிறது. தாம் விட்டு விலக இருந்த மதத்தினருக்கும் மற்ற எல்லா மதத்தினருக்கும் ஒரே உரிமைதான்.

1956 அக்டோபர் 14, விஜயதசமி நாள். நாகபுரியில் வெள்ளை உடை அணிந்த மக்கள் லட்சக்கணக்கில் கூடினார்கள். சர்க்கரை நோயால் தளர்ந்திருந்த அம்பேத்கர், பர்மாவிலிருந்து வந்து குசிநகரில் வாழ்ந்த சந்திரமணி என்ற மூத்த துறவியிடம் பௌத்தத்தை ஏற்றார். அடுத்து, தம்மைப் போலவே பௌத்தத்தை ஏற்க விரும்புவோர் எழுந்து நிற்கலாம் என்றார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது.

இயோலாவில் அறிவித்த நாளிலிருந்து 21 ஆண்டுகளும் ஒரு நாளும் ஆகியிருந்தன. எட்டு வாரங்கள்கூட நிறைவதற்குள், டிசம்பர் 6ஆம் தேதி டெல்லியில் காலமானார். புத்தரைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் அடுத்த ஆண்டுதான் அச்சாகி வந்தது.

செல்லங்களே, பெரியவர்களானதும் உங்களில் சிலர் வீட்டு வழக்கத்தையே விரும்பித் தொடர்வீர்கள். சிலர் வேறு வழியில் போகலாம். சிலருக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லாமலும் போகலாம். எதுவானாலும் நிறையப் படியுங்கள், கேள்வி கேளுங்கள், நிதானமாக யோசியுங்கள். பக்கத்து பெஞ்சு நண்பன் வேறு விதமாக வணங்கினால் கேலி செய்யாதீர்கள். அவன் தண்ணீர் கேட்டால், முதலில் உங்கள் பாட்டிலை நீட்டுங்கள்.