தேடி வந்த பதவியை வேண்டாம் என்றவர்!

சேலையூர்க்காரர்கள் தீபாவளிக்குத் துணி எடுக்க எங்கே போவார்கள்?

கேம்ப் ரோட்டில் பஸ் ஏறுவார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் பிடிப்பார்கள். மாம்பலத்தில் இறங்குவார்கள். ரங்கநாதன் தெருவில் நுழைந்தால், எள் விழ இடம் இருக்காது.

அந்த இடத்தை தி.நகர் என்கிறோம். முழுப் பெயர், தியாகராய நகர். துணிக்கடைகளுக்குப் பேர் போன அந்த நகருக்கு, துணி நெய்த குடும்பத்தில் பிறந்த ஒருவருடைய பெயர்தான் வைக்கப்பட்டு இருக்கிறது!

அவர்தான் சர் பிட்டி தியாகராயச் செட்டியார்.

வியாபாரம் செய்து பொருள் சேர்த்தார். பிறகு அரசியலில் இறங்கினார். சென்னை மாகாணத்தின் முதல்–மந்திரி பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கையில் கிடைத்த பதவியை யாராவது விடுவார்களா? அவர் விட்டார். அவர் கதையைப் பார்ப்போம்.

தறி வீட்டுப் பிள்ளை

தியாகராயர் 1852–ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிறந்தார். தேவாங்கர் குலம். வீட்டில் பேசுவது தெலுங்கு. பரம்பரைத் தொழில் நெசவு.

நெசவாளர் வீட்டில் பிள்ளைகள் சிறு வயதிலேயே தறி வேலைக்கு வந்துவிடுவது அந்தக் கால வழக்கம். தியாகராயர் படித்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1876–ல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பி.ஏ. படித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். சர்க்கார் உத்தியோகம் எளிதாகக் கிடைத்திருக்கும்.

ஆனால் அவர் தொழிலில் இறங்கினார். தோல் பதனிடுவது, உப்பளம், சுண்ணாம்புக் காளவாய் என்று பல தொழில்கள் செய்தார். குலத் தொழிலான நெசவையும் விடவில்லை.

அப்போது நெசவாளர்கள் நாடாவைக் கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளி நெய்தார்கள். வேலை மெதுவாக நடந்தது. சீமையில் இருந்து மில் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கைத்தறியால் போட்டி போட முடியவில்லை.

கயிற்றைச் சுண்டினால் நாடா தானே ஓடும் புதிய தறிகளைத் தியாகராயர் வடசென்னையில் அமைத்தார். பழைய தொழிலைப் புதிய முறையில் செய்தால்தான் நெசவாளி பிழைப்பான் என்பது அவர் எண்ணம்.

அந்த நாளில் சென்னைக் கைக்குட்டை என்று ஒரு துணி கடல் கடந்து போனது. பெயர்தான் கைக்குட்டை. உண்மையில் அது உடுத்தும் துணி, கட்டம் போட்டது. இன்று நைஜீரியா என்று சொல்கிறோமே, அந்த ஆப்பிரிக்க நாட்டில் அதற்குப் பெரிய மதிப்பு. நல்ல காரியம், கெட்ட காரியம் எல்லாவற்றுக்கும் அங்கே அந்தத் துணி வேண்டும். நம் ஊர்த் தறியில் நெய்தது, கண் காணாத சீமையில் சீர்வரிசை ஆனது!

1909–ல் தென்னிந்திய வர்த்தக சங்கம் தொடங்கப்பட்டது. அதை ஏற்படுத்தியவர்களில் தியாகராயரும் ஒருவர்.

நாற்பது ஆண்டுகள்

1882–ம் ஆண்டு தியாகராயர் சென்னை மாநகராட்சி உறுப்பினர் ஆனார். அப்போது அவருக்கு வயது 30. அது முதல் 40 ஆண்டு காலம் மாநகராட்சியில் பணி செய்தார். தெரு விளக்கு, குடிதண்ணீர், சாக்கடை, பள்ளிக்கூடம் என்று நகரத்தின் மூலை முடுக்கெல்லாம் அவருக்குத் தெரியும்.

எப்போதும் வெள்ளை வெளேர் என்று உடுத்துவார். அதனால் வெள்ளுடை வேந்தர் என்று மக்கள் அழைத்தார்கள்.

முதலில் அவர் காங்கிரசில்தான் இருந்தார். 1916–ல் பாதை மாறியது.

மூவர் கூடினர்

அப்போது படிப்பிலும் உத்தியோகத்திலும் பிராமணர்களே மிகுதியாக இருந்தார்கள். 1913–ல் மாகாணத்தில் இருந்த நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அதில் 93 பேர் பிராமணர்கள். மற்ற இந்துக்கள் எல்லோரும் சேர்ந்து 25 பேர்தான்.

இதை மாற்ற வேண்டும் என்று மூன்று பேர் நினைத்தார்கள். ஒருவர் தியாகராயர். இன்னொருவர் டாக்டர் டி.எம்.நாயர். மூன்றாமவர் டாக்டர் நடேச முதலியார்.

இதில் ஒரு வேடிக்கை. தியாகராயரும் நாயரும் மாநகராட்சியில் எதிரும் புதிருமாக இருந்தவர்கள். இருவரையும் நடேசனார் சமாதானப்படுத்திச் சேர்த்து வைத்தார்.

1916 நவம்பர் 20–ந் தேதி சென்னை வேப்பேரியில் கூட்டம் நடந்தது. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. அடுத்த மாதமே, பிராமணர் அல்லாதார் அறிக்கையைத் தியாகராயர் வெளியிட்டார்.

1917–ல் சங்கத்தின் சார்பில் ஜஸ்டிஸ் என்ற ஆங்கிலப் பத்திரிகை வெளிவந்தது. ஜஸ்டிஸ் என்றால் நீதி. அதனால் கட்சிக்கே நீதிக்கட்சி என்ற பெயர் நிலைத்தது.

1919–ல் டாக்டர் நாயர் லண்டனில் காலமானார். கட்சியின் பாரம் முழுவதும் தியாகராயர் தோளில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 67.

கவர்னர் அழைத்தார்

1920–ல் புதிய சட்டப்படி தேர்தல் நடந்தது. காங்கிரஸ் அதில் கலந்துகொள்ளவில்லை. நீதிக்கட்சி வெற்றி பெற்றது.

கவர்னர் வெலிங்டன் பிரபு, மந்திரிசபை அமைக்கத் தியாகராயரை அழைத்தார்.

போலீசும் பணமும் கவர்னர் கையில்தான் இருந்தன. கல்வி, சுகாதாரம், நகராட்சி போன்ற இலாகாக்கள் மட்டுமே மந்திரிகளுக்கு. ஆனாலும், நம் மாகாணத்துக்கு அதுதான் முதல் மந்திரிசபை. அதன் தலைவர் பதவி என்றால் சாதாரணமா?

தியாகராயர் ஏற்கவில்லை. கட்சித் தலைவராகவே இருந்துகொள்கிறேன் என்று ஒதுங்கிவிட்டார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல்–மந்திரி ஆனார். உடல்நலக் குறைவால் அவர் விலகியதும், 1921–ல் பனகல் அரசர் வந்தார். அப்போதும் தியாகராயர் பதவிக்கு ஆசைப்படவில்லை.

ஓர் அணா பலகாரம்

மந்திரி பதவியை விட்டவர், மாநகராட்சியை விடவில்லை. 1919–ம் ஆண்டுச் சட்டப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சித் தலைவர்களில் முதல்வர் அவரே.

ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. அங்கே படித்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். பசியோடு வருவார்கள்; சில நாள் வராமலே இருந்துவிடுவார்கள். பிள்ளைக்குப் பசித்தால் பாடம் ஏறுமா?

1920 செப்டம்பர் 16–ந் தேதி மாநகராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பலகாரம் கொடுப்பது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் செலவு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. ஓர் அணா என்றால், ரூபாயில் 16–ல் ஒரு பங்கு.

பிறகு மேலும் 4 பள்ளிகளுக்கு இது பரவியது. பலன் என்ன தெரியுமா? 1922–23–ல் அந்த 5 பள்ளிகளிலும் 811 பிள்ளைகள் படித்தார்கள். 1924–25–ல் 1,671 பேர் ஆனார்கள். இரண்டு மடங்கு!

ஆனால் ஆரம்பக் கல்வி நிதியை இதற்குச் செலவிடக் கூடாது என்று அரசாங்கம் கூறியது. 1925 ஏப்ரல் 1–ந் தேதி பலகாரம் நின்றது. அதே ஆண்டில் தியாகராயரும் கண்ணை மூடினார். திட்டம் பின்னர் மறுபடி உயிர் பெற்றது.

குறையும் உண்டு

அவர் மீது குறை சொன்னவர்களும் உண்டு. ஆங்கில ஆட்சியோடு ஒத்துப் போனார், சர் பட்டம் வாங்கினார் என்று காங்கிரஸ்காரர்கள் சாடினார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. 1921–ல் பெரம்பூர் பின்னி ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கும் வேலைக்குப் போன ஆதிதிராவிடர்களுக்கும் புளியந்தோப்பில் கலகம் மூண்டது. நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை. தியாகராயரும் நிற்கவில்லை. பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜா, ஆதிதிராவிடரின் பெருந்தலைவர். மனம் வெறுத்து 1923–ல் அவர் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். எல்லோருக்கும் நீதி என்று கிளம்பிய கட்சிக்கு அது தீராத வடுவாயிற்று.

மறையாத பெயர்

மாம்பலத்தில் ஏரி இருந்த இடத்தில் புது நகர் எழுந்தபோது, அதற்குத் தியாகராயர் பெயரைச் சூட்டினார்கள். அங்கே டாக்டர் நாயர் ரோடு இருக்கிறது. நடேசன் பூங்கா இருக்கிறது. பனகல் பூங்காவும் இருக்கிறது. அன்று ஒன்றாகக் கூடியவர்கள் இன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்!

ஓர் அணா பலகாரமும் மறையவில்லை. 1956–ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் எங்கும் கொண்டுபோனார். 1982–ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவு ஆக்கினார். 2022–ல் காலை உணவும் வந்தது.

முதல்–மந்திரி நாற்காலியில் தியாகராயர் ஒரு நாள்கூட உட்காரவில்லை. ஆனால் பின்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், அவர் ஆயிரம் விளக்கில் தொடங்கிய வேலையைத் தொடர்ந்து செய்ய வேண்டியிருந்தது.

அடுத்த முறை புதுத் துணி வாங்க மாம்பலத்தில் இறங்கும்போது, கூட வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.