பூச்சிகளுக்குப் பெயர் சூட்டிய வில்லியம் டிஸ்டன்ட்

வங்க நாட்டில் குடியிருந்த தமிழன்பர் காளி பூசை நாட்களை மறந்திரார். விளக்கேற்றிய சிறிது நேரத்திற்குள் நெல்மணியிலும் சிறிய பச்சைப் பூச்சிகள் திரளாக வந்து மொய்க்கும். வங்காளியர் இவற்றைச் சியாமா போக்கா என்பர். நம் உழவர் பச்சைத் தத்துப்பூச்சி என்பர். காண்பார்க்கு ஒன்றுபோலத் தோன்றினும் இக்கூட்டத்துள் ஒன்றற்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் ஓரினத்தை 1908-ஆம் ஆண்டில் தனியே பிரித்தறிந்து, 'விரெசென்ஸ்' எனப் பெயர் சூட்டியவர் வில்லியம் லூகாஸ் டிஸ்டன்ட் என்னும் ஆங்கிலேயர்.

டிஸ்டன்ட் 1845-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ராதர்ஹைத் பகுதியில் பிறந்தார். தந்தையார் திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர். 1867-இல் மைந்தர் மலாய் நாட்டிற்குச் சென்றார். அந்நாட்டின் இயற்கை வளம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. மலாய் நாட்டு வண்ணத்துப் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1882 முதல் 1886 வரை வெளிவந்தது. ஆயினும் வயிற்றுப் பிழைப்புக்கு அவர் நெடுங்காலம் செய்தது தோல் பதனிடும் தொழிலே. அத்தொழிலில் இருந்தபோதே தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதிக்கு இருமுறை சென்று, ஆங்கும் பூச்சிகளைத் திரட்டினார்.

1899-ஆம் ஆண்டில் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணி ஏற்றார். அதற்கு முன்னரே கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சார்பில் கீழ்த்திசைச் சில்வண்டுகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை இயற்றியிருந்தார். இப்போது இந்திய உயிரின நூல்வரிசையில், சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பற்றிய பகுதி அவர்பால் வந்தது. 1902-இல் முதல் தொகுதி வெளிவந்தது. ஏழாம் தொகுதி 1918-இல் நிறைவுற்றது. இந்நாட்டு வயல்களிலும் காடுகளிலும் பிடிபட்டு, ஊசியிற் குத்தி அனுப்பப்பெற்ற பூச்சிகளை அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தலையின் வடிவு, சிறகின் நரம்பு, நிறம், புள்ளி, உடலின் நீளம் ஆகியவற்றைக் குறித்தார். முன்னோர் எழுதிவைத்தவற்றோடு ஒப்பிட்டார். எதனோடும் பொருந்தாதவற்றைப் புதிய இனமென அறிவித்தார். நெற்பயிரிற் காணும் வெண்ணிறத் தத்துப்பூச்சியும் அவ்வாறு 1908-இல் அவரிடம் பெயர் பெற்றதே.

குறையில்லாத பணி என இதனைக் கூறவியலாது. அவர்தம் வருணனைகள் மிகச் சுருக்கமானவை. தத்துப்பூச்சிகளிலோ புறத்தோற்றம் ஏமாற்றும். இன்றைய அறிஞர் ஆண்பூச்சியின் வயிற்று நுனியைக் காரநீரில் இட்டுத் தெளிவாக்கி, உள்ளிருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியிற் கண்ட பின்னரே இனத்தைத் துணிகின்றனர். 1918-இல் பருத்தித் தத்துப்பூச்சிக்கு டிஸ்டன்ட் சூட்டிய 'டெவஸ்டன்ஸ்' என்னும் பெயர் இந்நாட்டு வேளாண் நூல்களிற் பல்லாண்டு வழங்கிற்று. ஆனால் அதே பூச்சிக்கு ஜப்பானிய அறிஞர் இஷிடா முன்னரே பெயரிட்டிருந்தார். முந்திய பெயரே செல்லும் என்பது விதி. டிஸ்டன்ட் வைத்த பெயர் வழக்கிழந்தது.

நெற்பூச்சியின் கதை வேறு. துங்ரோ என்னும் கொடிய நச்சுயிரி நோயை நெற்பயிரிற் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி என்பது 1960-களில் பிலிப்பைன்ஸ் நாட்டில் நிறுவப்பட்டது. நோயைத் தடுக்க வேண்டின், ஒத்த உருவினவற்றுள் அதனை மிகுதியாகப் பரப்புவது எவ்வினம் எனத் தெளிதல் வேண்டும். அவ்வினத்தை அப்போது அறிஞர் 1964-இல் இஷிஹாரா இட்ட பெயரால் வழங்கினர். பின்னர் கௌரி என்னும் ஆய்வாளர் பழைய மூல மாதிரிகளை எடுத்து ஒப்பிட்டு, 1971-இல் தம் ஆய்வை வெளியிட்டார். 1908-இல் டிஸ்டன்ட் பெயரிட்ட பூச்சியும் அதுவும் ஒன்றே எனத் தெளிவாயிற்று. விரெசென்ஸ் என்னும் பெயர் மீண்டும் நிலைபெற்றது.

ஒரு பெயர் வீழ்ந்தது, மற்றொன்று நின்றது. பெயரோடு, அப்பெயருக்குரிய பூச்சியையும் பழுதின்றிக் காத்துவைத்தமையாலேயே பின்வந்தோர் சரிபிழை காண முடிந்தது. டிஸ்டன்ட் தம் வாழ்நாளில் திரட்டிய ஏறத்தாழ 50,000 மாதிரிகள் 1920-இல் இலண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஈராண்டு கழித்து, 1922-இல் அவர் இயற்கை எய்தினார்.

தம் பிழையையும் பிறர் திருத்துதற்கு ஏற்ற சான்றை விட்டுச் செல்பவரே மெய்யான கல்வியாளர். விளக்கடியில் வந்து விழும் பச்சைப் பூச்சியைத் துடைத்தெறியுமுன், அதனைச் சற்றே உற்றுநோக்குமாறு நம் சிறுவர் சிறுமியர்க்குச் சொல்வோமாக.