கொழுப்பைப் பிரித்தவர்

கியா பார்மில் விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும். நல்லெண்ணெயோ அதே குளிரிலும் ஓடும். ஏன் இந்த வேறுபாடு? எண்ணெய்க்குள் இருப்பவற்றைப் பிரித்துப் பார்த்தவர்தான் இதற்கு விடை காண வழி திறந்தார். அவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரெல்.

ஷெவ்ரெல் 1786-ஆம் ஆண்டு ஆன்ஜே நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். 17 வயதில் பாரிஸ் சென்று, வோக்லான் என்னும் வேதியியலாளரிடம் பயிற்சி பெற்றார். 1811-இல் பன்றிக் கொழுப்பில் செய்த சவர்க்காரம் ஒன்று அவருடைய ஆய்வுக்கு வந்தது. அதை நீரில் கலக்கியபோது, முத்துப்போல் மினுமினுக்கும் பொருள் ஒன்று அடியில் தங்கியது. வேறொருவராக இருந்தால் கழுவி ஊற்றியிருப்பார். ஷெவ்ரெல் அதை எடுத்து ஆராய்ந்தார்; அதிலிருந்து ஓர் அமிலம் கிடைத்தது.

கொழுப்பிலிருந்து வரும் இத்தகைய அமிலங்கள் பல ஒன்றாகவே கலந்திருக்கும். அவற்றைத் தனித்தனியே பிரிப்பது எப்படி? நீர் உதவாது. கொழுப்பு அமிலத்தின் நீண்ட கரிமச் சங்கிலி நீரோடு சேராது. ஆனால், ஆல்கஹால் போன்ற கரிமக் கரைப்பானில் அது கரையும். கரைப்பான் சூடாக இருந்தால் இன்னும் நன்றாகக் கரையும். ஷெவ்ரெல் அமிலக் கலவையைச் சூடான ஆல்கஹாலில் கரைத்து ஆறவிட்டார். எளிதில் உறையும் அமிலம் படிகமாகப் பிரிந்தது. திரவத் தன்மையுள்ள அமிலம் கரைசலிலேயே நின்றது. படிகத்தை வடித்தெடுத்து மீண்டும் கரைத்தார், மீண்டும் ஆறவிட்டார். ஒவ்வொரு முறையும் அதன் உருகுநிலையை அளந்தார். அது மாறாமல் நின்ற பிறகே பொருள் தூய்மையானது என ஏற்றார்.

இந்தப் பணி பத்தாண்டுகளுக்கும் மேல் நீடித்தது. கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்பதை 1823-இல் அவர் வெளியிட்ட நூல் விளக்கியது. ஸ்டியரிக் அமிலம், ஓலிக் அமிலம் ஆகியவை அவர் அடையாளம் கண்டவை. 1825-இல் கே-லுசாக் என்பவரோடு சேர்ந்து, கொழுப்பு அமிலத்தில் மெழுகுவர்த்தி செய்யக் காப்புரிமை பெற்றார். புகையும் நாற்றமும் குறைந்த அந்த மெழுகுவர்த்தியால் பொருள் ஈட்டியவர்களோ வேறு சிலர்.

அவருக்கும் ஓரிடத்தில் சறுக்கியது. அந்த முத்துநிறப் பொருளிலிருந்து பெற்ற அமிலத்துக்கு அவர் தனிப் பெயரே சூட்டியிருந்தார். அது தனிப்பொருள் அன்று. ஸ்டியரிக் அமிலமும், நம் செம்பனை எண்ணெயில் மிகுந்துள்ள பால்மிடிக் அமிலமும் கலந்த கலவை என்பதை 1850-களில் ஹைன்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் காட்டினார். ஷெவ்ரெல் அப்போது உயிரோடிருந்தார். முதுமையிலும் தம்மை ஒரு மாணவர் என்றே அவர் சொல்லிக்கொண்டார்.

1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், தமது 102-ஆம் வயதில் ஷெவ்ரெல் மறைந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னர் திறக்கப்பட்ட ஐபெல் கோபுரத்தில், பொறிக்கப்பட்ட 72 பெயர்களுள் அவருடைய பெயரும் உள்ளது.