போர்க்களத்தில் பணியாற்றிய மருத்துவ மேதை டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி (1880 – 1936)



ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களைப் புரட்டும் நாம், பொதுமக்களின் பணத்தைக் கொண்டு நம் முன்னோர் ஆற்றிய பெரும்பணி ஒன்றையும் நினைவுகூர்வது பொருத்தமாகும். தந்திக் கம்பியும் நீராவிக் கப்பலுமே வேகத்தின் எல்லையாக இருந்த காலத்தில், அடிமைப்பட்டிருந்த இந்திய நாட்டிலிருந்து ஒரு மருத்துவக் குழு கடல் கடந்து சென்று, வேற்று நாட்டுப் போர்க்களத்தில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தது. அக்குழுவின் தலைவராக விளங்கியவரே டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அவர்கள்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காஸிப்பூர் மாவட்டத்திலுள்ள யூசுப்பூர் என்னும் ஊரில் 1880 டிசம்பர் 25 அன்று அன்னார் பிறந்தார். மருத்துவம் அக்குடும்பத்திற்குப் புதிதன்று. அவருடைய தமையனார் அப்துல் வஹ்ஹாப் அன்சாரி, கண்பார்வை இழந்தும் யூனானி மருத்துவத்தில் பெரும்புகழ் ஈட்டி, ஹக்கீம் நாபீனா என்று மக்களால் அழைக்கப்பட்டவர்.

காஸிப்பூரில் பள்ளிக்கல்வி பெற்ற அன்சாரி அவர்கள் அலகாபாத்திலும் ஹைதராபாத்திலும் கல்வியைத் தொடர்ந்தார். நம் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் அன்னார் பயின்றார் என்பது தமிழகத்தார் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தியாகும். பின்னர் பிரிட்டன் சென்று, எடின்பரோவில் மருத்துவத்திலும் அறுவை சிகிச்சையிலும் உயர் பட்டங்கள் பெற்றார். லண்டன் மாநகரின் லாக் மருத்துவமனையிலும் சேரிங் கிராஸ் மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஓர் இந்தியர் அத்தகைய பொறுப்புகளுக்கு வருவது அந்நாளில் மிக அரிதாகும். அங்கேயே தங்கியிருந்தால் செல்வமும் சிறப்பும் சேர்ந்திருக்கும். எனினும் 1910-ஆம் ஆண்டு தாயகம் திரும்பி, டில்லியில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். ஹக்கீம் அஜ்மல் கான், மௌலானா முஹம்மது அலீ ஆகியோரின் நட்பு அங்கே அவருக்கு வாய்த்தது.

பால்கன் போர்

1912 அக்டோபரில் மாண்டிநீக்ரோ, செர்பியா, பல்கேரியா, கிரீஸ் ஆகிய நான்கு நாடுகளும் துருக்கியின் உஸ்மானியப் பேரரசின்மீது போர் தொடுத்தன. சில வாரங்களிலேயே துருக்கியப் படைகள் பின்வாங்கி, இஸ்தான்புல்லுக்கு மேற்கேயுள்ள சத்தால்ஜா அரண்வரிசையில் வந்து நின்றன. குண்டடி பட்டோரின் துயரம் ஒருபுறம் இருக்க, நவம்பர் மாதத்தில் படைவீரரிடையே காலரா பரவிப் பெரும் உயிர்ச்சேதத்தை விளைவித்தது. ஊரிழந்த அகதிகள் மாட்டுவண்டிகளில் தலைநகரை நோக்கி வந்துகொண்டேயிருந்தனர். பள்ளிவாசல்களும் நோயாளர் கிடக்கும் இடங்களாயின.

உஸ்மானிய சுல்தானைக் கலீஃபாவாக மதித்த இந்திய முஸ்லிம்களின் உள்ளம் கலங்கியது. ஆயினும் அவர்கள் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. மௌலானா முஹம்மது அலீ தமது காம்ரேட் வார இதழின் வாயிலாக வேண்டுகோள் விடுத்தார். செல்வர்கள் பணம் தந்தனர். பெண்கள் நகைகளைக் கழற்றி ஈந்தனர். திரண்ட நிதியைக் கொண்டு மருத்துவக் குழு ஒன்றை அனுப்புவதென முடிவாயிற்று. தலைமைப் பொறுப்பை ஏற்க முன்வந்தவர் டாக்டர் அன்சாரி. 1912 டிசம்பரில்தான் 32 வயதை நிறைவு செய்தவர் அவர். தொழில் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், வளர்ந்துவரும் மருத்துவமனையை விட்டுச் செல்வது எத்தகைய தியாகம் என்பதைத் தொழில் செய்யும் நம்மவர் நன்கு அறிவர்.

குழுவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். மருத்துவர்கள் சிலரே, ஏனையோரில் பலர் காயங்களுக்குக் கட்டுப் போடவும் நோயாளரைத் தூக்கிச் செல்லவும் முன்வந்த இளைஞர்கள். அலிகர் கல்லூரி மாணவர்கள் படிப்பை இடைநிறுத்தி வந்தனர். சௌத்ரி கலீக்குஸ்ஸமான், அப்துர் ரஹ்மான் சித்தீகி, ஷுஐப் குறைஷி, அப்துர் ரஹ்மான் பெஷாவரி முதலியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர். 1912 டிசம்பரில் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து இக்குழு கப்பலேறியது.

செம்பிறையின் கீழ்

போர்க்கள மருத்துவத்தின் வரலாற்றையும் இங்கே சிறிது நோக்குவோம். 1859-இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த வீரர்களைக் கண்டு மனம் நொந்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி டூனான். அவரது முயற்சியின் பயனாகச் செஞ்சிலுவை இயக்கமும் 1864-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும் தோன்றின. காயமுற்றவன் எந்தப் படையினனாயினும் அவனுக்குச் சிகிச்சை அளிக்கவேண்டும், சிகிச்சை அளிப்போரைத் தாக்கலாகாது என்பதே அதன் சாரம். துருக்கியில் 1868-இல் இதற்கான சங்கம் அமைந்தது. 1876-இல் தொடங்கிய போர்களின்போது அந்நாடு சிலுவைக்குப் பதிலாகப் பிறையைச் சின்னமாகக் கொண்டது. 1929-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் செம்பிறைச் சின்னம் முறையான அங்கீகாரம் பெற்றது.

அன்சாரி குழுவினர் சென்று சேர்ந்தபோது தற்காலிகப் போர்நிறுத்தம் நிலவியது. 1913 பிப்ரவரியில் போர் மீண்டும் மூண்டது. சத்தால்ஜா அரண்வரிசைக்கு அருகிலிருந்த ஓமர்லி என்னுமிடத்தில் அவர்களின் மருத்துவமனை இயங்கியது. சனக்கலேயிலும் அவர்கள் பணியாற்றினர். பெனிசிலின் கண்டறியப்படாத காலம் அது. கைகால்களில் பாய்ந்த குண்டினால் புண் அழுகத் தொடங்கினால், உறுப்பை வெட்டி எடுப்பதே உயிர் காக்கும் வழியாக இருந்தது. எனவே காயத்தைக் காலத்தில் கழுவி, கிருமிநாசினி இட்டு, தூய துணியால் கட்டுவதுதான் பாதி மருத்துவம். அறுவை செய்யும் மருத்துவரின் திறமை எத்துணை இன்றியமையாததோ, நோயாளியைத் தூக்கி வந்த மாணவனின் உழைப்பும் அத்துணை இன்றியமையாதது. பயிற்சியற்ற இளைஞர்களையும் அன்சாரி அவர்கள் அழைத்துச் சென்றதன் பயன் இதனால் விளங்கும்.

களத்தில் கண்டவற்றை அன்னார் கடிதங்களாக எழுதி அனுப்ப, அவை காம்ரேட் இதழில் வெளிவந்தன. நிதியளித்தோர் தம் பணம் என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள அவை உதவின. அகதிகளை அனத்தோலியாவில் குடியமர்த்தும் திட்டத்திலும் அன்னார் நாட்டம் கொண்டிருந்தார். ஆயினும் 1914-இல் மூண்ட உலகப்போரால் அத்தகைய திட்டங்களுக்கு வழியில்லாமற்போயிற்று.

1913 ஜூலையில் குழு தாயகம் திரும்பியது. போரின் முடிவை அவர்களால் மாற்ற இயலவில்லை. ஐரோப்பாவில் தன் வசமிருந்த நிலப்பரப்பில் பெரும்பகுதியைத் துருக்கி இழந்தது. அப்படியாயின் அக்குழு சாதித்தது என்ன என்று சிலர் வினவக்கூடும். மருத்துவர் போரை வெல்வதற்காகச் செல்பவர் அல்லர். தம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு உயிருக்காகவும் போராடுவதே அவர் கடமை. அவ்வுயிர்களைக் கொண்டே அப்பணியை நாம் அளவிட வேண்டும்.

குழுவினருள் அப்துர் ரஹ்மான் பெஷாவரி துருக்கியிலேயே தங்கி, அந்நாட்டுப் படையில் சேர்ந்தார். பின்னாளில் ஆப்கானிஸ்தானில் துருக்கியின் பிரதிநிதியாகவும் விளங்கிய அவர், 1925-இல் இஸ்தான்புல்லில் ஆள்மாறாட்டத்தால் சுடப்பட்டு உயிர் துறந்தார்.

தாயகப் பணிகள்

தாயகம் திரும்பிய டாக்டர் அன்சாரி அவர்கள் கிலாஃபத் இயக்கத்திலும் நாட்டு விடுதலைப் போராட்டத்திலும் முன்னணியில் நின்றார், சிறையும் சென்றார். 1924-இல் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்தியடிகள் டில்லியில் 21 நாள் உண்ணாநோன்பு மேற்கொண்டபோது, உடனிருந்து கவனித்த மருத்துவர்களுள் அன்னார் ஒருவர். இளமையில் தாம் கல்வி கற்ற அதே சென்னையில், 1927 டிசம்பரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்கு அவரே தலைமை வகித்தார். முழு விடுதலையே குறிக்கோள் என்ற தீர்மானம் அம்மாநாட்டில் நிறைவேறியது.

1920-இல் உருவான ஜாமியா மில்லியா இஸ்லாமியாவைப் பேணுவதிலும் அவர் பெரும்பங்கு கொண்டார். ஹக்கீம் அஜ்மல் கான் மறைந்தபின் 1928 முதல் தம் இறுதிவரை அதன் வேந்தராக இருந்தார். 1935-இல் துருக்கியப் பெண் எழுத்தாளர் ஹாலிதா எதீப் அம்மையார் அன்னாரின் அழைப்பை ஏற்று வந்து, ஜாமியாவில் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். இருபதாண்டுகளுக்கு முன் போர்க்களத்தில் விதைத்த நட்பு கல்விக்கூடத்தில் பயன் தந்தது.

1936 மே 10 அன்று, முசூரியிலிருந்து டில்லி திரும்பும் ரயில் பயணத்தில் மாரடைப்பு ஏற்பட்டு, தமது 55-ஆம் வயதில் அன்னார் வஃபாத்தானார். ஜாமியா வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாம் பெறும் படிப்பினை

போர்க்களங்களில் மருத்துவமனைகளும் மருத்துவர்களும் தாக்கப்படுவதைக் கண்டித்து, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2016 மே மாதத்தில் 2286-ஆம் எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது. 1864-இல் உலகம் ஒப்புக்கொண்ட ஒன்றை மீண்டும் வலியுறுத்த வேண்டிய நிலை ஏற்பட்டது வேதனைக்குரியது. போரை நிறுத்தும் ஆற்றல் நம்மிடம் இல்லை. எனினும் அன்சாரி அவர்கள் காட்டிய வழி நமக்கும் திறந்தேயுள்ளது. துயரச் செய்தி கேட்டவுடன் உணர்ச்சிவயப்படுவதோடு அமையாமல், நிதியை முறையாகத் திரட்டி, தகுதியுடையோர் கையில் ஒப்படைத்து, அது சென்று சேர்ந்த விவரத்தைத் தந்தோருக்கு அறிவிப்பதே அவ்வழி. நம் மஹல்லாவில் மருத்துவமும் செவிலியர் பணியும் பயிலும் பிள்ளைகளுக்கு ஜமாஅத் தோள் கொடுப்பதும் அதன் தொடக்கமே. முதலுதவிப் பயிற்சியும் இரத்த தானமும் நம் வாசலிலேயே நாம் செய்யக்கூடியவை.

வல்ல அல்லாஹ் அன்னாரின் பணிகளை ஏற்று, மறுமையில் உயர்ந்த பதவியை வழங்குவானாக! துன்புறும் எவருக்கும் இன, மத வேறுபாடின்றி உதவும் நல்லுள்ளத்தை நம் இளைஞர்களுக்கு அருள்வானாக! ஆமீன்.