வசனத்துக்குப் பெயர் வாங்கித் தந்த செங்கல்பட்டுக்காரர்

செங்கல்பட்டு என்றதும் நம்மில் பலருக்குக் கலெக்டர் ஆபீஸும் ரயில்வே ஜங்ஷனும்தான் நினைவுக்கு வரும். திருப்போரூரிலிருந்து பஸ் ஏறிப் போய் வேலை முடித்துத் திரும்பிவிடுகிறோம். தமிழ் சினிமாவின் முதல் நட்சத்திர வசனகர்த்தா அந்த ஊர்க்காரர்தான். தணிகாசலம் என்பது இயற்பெயர். ஊர் அறிந்த பெயர் இளங்கோவன்.

1930-களில் ‘மணிக்கொடி’ பத்திரிகையில் எழுதிய இளைஞர்களில் அவரும் ஒருவர். புதுமைப்பித்தனும் பி.எஸ். ராமையாவும் எழுதிய பத்திரிகை அது. தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது 1931-இல்தான். அன்றைய படங்கள் பெரும்பாலும் மேடை நாடகத்தின் நகல். பாட்டுக்காகக் கூட்டம் வந்தது. நடுவே வரும் பேச்சை எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

1937-இல் வந்த ‘அம்பிகாபதி’ அதை மாற்றியது. இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். கம்பரின் மகன் சோழ இளவரசியைக் காதலிக்கும் கதைக்கு ‘ரோமியோ ஜூலியட்’ சாயலில் காதல் காட்சிகள் வேண்டும் என்று விரும்பினார். இளங்கோவன் அதை நல்ல தமிழில், நம் ஊர்க் காதலாகவே எழுதிக் கொடுத்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டைக் கேட்க வந்தவர்கள் வசனத்தையும் ரசித்தார்கள். நடிகர்களுக்கு அடுத்தபடி எழுத்தாளரின் பெயரும் பேசப்பட்டது.

அதன் பிறகு ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ என்று பாகவதர் படங்களுக்குத் தொடர்ந்து எழுதினார். 1942-இல் ஜூபிடரின் ‘கண்ணகி’ வந்தது. இளங்கோ அடிகளின் காவியக் கதைக்கு இளங்கோவனின் வசனம்! பாண்டியன் சபையில் நீதி கேட்டு நிற்கும் கண்ணகியாக நடித்த பி. கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு. ஆனாலும் அவர் பேசிய தமிழ்தான் அந்தப் படத்தின் பெருமையாக நின்றது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ படமும் இளங்கோவன் எழுதியதே. சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அதே 1944-இன் இறுதியில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947-இல் விடுதலையாகி வந்தபோது சினிமாவின் காற்று வேறு பக்கம் வீசியது. 1949-இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’, 1952-இல் கலைஞரின் ‘பராசக்தி’. புராணமும் அரச கதையும் பின்னுக்குப் போய், சமூகக் கேள்விகளும் அடுக்குமொழியும் முன்னுக்கு வந்தன. இளங்கோவன் அதன் பிறகும் எழுதினார். ஆனால், பழைய இடம் திரும்பவில்லை.

ஆயினும் ஒன்றை மறக்கக் கூடாது. வசனத்துக்காகவே ஒரு படத்தைப் பார்க்கலாம் என்ற பழக்கத்தை ரசிகர்களிடம் முதலில் உண்டாக்கியவர் அவர். பின்னால் வந்த பெரிய எழுத்தாளர்கள் நடந்தது அவர் போட்ட பாதையில்தான். அவர்கள் பெயர் நிலைத்தது, இவர் பெயர் சொந்த மாவட்டத்திலேயே பலருக்குத் தெரியாது.

‘ஹரிதாஸ்’, ‘கண்ணகி’ இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டுப் பெரியவர்களுடன் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். டைட்டில் ஓடும்போது மட்டும் தள்ளிவிடாதீர்கள். அதில் நம் பக்கத்து ஊர்க்காரரின் பெயர் வரும்.